35 பேர், 9 நாட்டவர்: இந்தச் சபையைப் பிரிக்கலாமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அந்நிய நாட்டில் நீங்களும் உங்கள் மனைவியும் நான்கு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய பாப்டிஸ்ட் சபையில் இன்று 35 பேர் இருக்கிறார்கள், 9 நாட்டவர். ஆராதனை ஆங்கிலத்தில் நடக்கிறது. கடந்த இரண்டு ஆண்டுகளாக எண்ணிக்கை ஏறவில்லை. வருடத்துக்கு எட்டு, ஒன்பது பேர் படிப்பு முடிந்தோ வேலை மாறியோ போய்விடுகிறார்கள். "மொழிவாரியாகப் பிரித்துவிட்டால் வளருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வெளியே தெரிகிற கேள்வி இது. ஆனால் எழுதியிருக்கும் தொனியைப் பார்த்தால், "என்னிடம்தான் குறையா?" என்று கேட்கத்தான் வந்தீர்கள் என்று தோன்றுகிறது. கடைசி வரியில், போகிற போக்கில், "என் மனைவிக்கு இங்கே மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது மூன்றாவது கேள்வி. மூன்றுக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் 16 ஆண்டுகள் இதுபோன்ற ஒரு சபையில் போதகராக இருந்தேன். இப்போது வெளிநாட்டு ஊழியத்துக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உங்கள் சபையை நான் பார்த்ததில்லை. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்றும் எழுதவில்லை. ஆகவே எது வரலாறு, எது என் அனுபவம், எது வெறும் ஊகம் என்று பிரித்தே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் கணக்கு. இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 17 பேர் போயிருக்கிறார்கள்; ஆனாலும் 35 அப்படியே நிற்கிறது. அப்படியென்றால் 17 பேர் புதிதாக வந்திருக்கிறார்கள். சபையின் பாதி! சொந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற ஒரு சபை இரண்டு ஆண்டுகளில் தன்னில் பாதிப் பேரைப் புதிதாகச் சேர்த்தால் அதை எழுப்புதல் என்று சாட்சி சொல்லியிருப்பார்கள். உங்களுக்கு அது தேக்கமாகத் தெரிகிறது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளை மட்டும் எண்ணுகிறீர்கள். நீங்கள் நடத்துவது வீடு மட்டுமல்ல, சத்திரமும்தான். சத்திரத்தின் கணக்கை வீட்டின் கணக்குப் புத்தகத்தில் எழுதினால் எப்போதும் நஷ்டம்தான் காட்டும்.

இது சமாதானம் சொல்லும் பேச்சல்ல. பாப்டிஸ்ட் வரலாற்றிலேயே இதற்குப் பெரிய உதாரணம் உண்டு. யோஹான் ஓன்கென் என்ற ஜெர்மானியர் 1834-இல் எல்பே ஆற்றில் ஆறு பேரோடு ஞானஸ்நானம் பெற்று, ஹாம்பர்க்கில் ஒரு சபையைத் தொடங்கினார். சிறிய சபை, அரசாங்கத்தின் தொல்லை வேறு. 1842-இல் ஹாம்பர்க்கின் கணிசமான பகுதி தீயில் எரிந்துபோனது. சபையார் வீடிழந்தவர்களுக்கு இடம் கொடுத்தார்கள். தொல்லையும் ஓரளவு தணிந்தது. நகரத்தைத் திரும்பக் கட்ட வெளியூர்களிலிருந்து கைவினைத் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களில் சிலர் அங்கே விசுவாசத்துக்கு வந்து, வேலை முடிந்ததும் தங்கள் நாடுகளுக்குத் திரும்பினார்கள். ஹங்கேரியில் பாப்டிஸ்ட் ஊழியம் தொடங்கியது அப்படி 1846-இல் திரும்பிப் போனவர்களால்தான். "ஒவ்வொரு பாப்டிஸ்டும் ஒரு மிஷனரி" என்று ஓன்கென் சொன்னது மேடைப் பேச்சுக்கான அலங்கார வாக்கியம் அல்ல. வந்தவர்கள் தங்க மாட்டார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு, போகும்போது அவர்கள் கையில் எதைக் கொடுத்தனுப்புவது என்று யோசித்த மனிதரின் ஊழிய முறை அது. உங்களை விட்டுப்போன 17 பேர் கையில் என்ன இருந்தது? உங்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

பொறுமை பற்றி ஒரு வார்த்தை. வில்லியம் கேரி 1793-இல் வங்காளம் வந்தார். அங்கே உள்ளூர்க்காரர் ஒருவருக்கு முதல் ஞானஸ்நானம் 1800 டிசம்பரில், கிருஷ்ண பால் என்ற தச்சருக்கு. ஏழு ஆண்டுகள். அதோனிராம் ஜட்சன் 1813-இல் ரங்கூனில் இறங்கினார். முதல் ஞானஸ்நானம் 1819-இல். ஆறு ஆண்டுகள். எல்லா மிஷனரி மாநாடுகளிலும் இந்த இரண்டையும் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்கள் மொழியே தெரியாமல் தொடங்கி, இலக்கணமும் அகராதியும் தாங்களே எழுதி, வேதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர்கள். உங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே விசுவாசிகள் என்றே நினைக்கிறேன். அதனால் கேரியின் ஏழு ஆண்டுகளைக் காட்டி நம் சோம்பலை மூடிக்கொள்ளக் கூடாது. நான் அதைச் சில காலம் செய்திருக்கிறேன்.

இனிப் பிரிப்பது பற்றி. இந்த யோசனைக்குப் பின்னால் ஒரு பெரிய பெயர் இருக்கிறது: டொனால்ட் மெக்காவ்ரன். 1897-இல் தாமோ என்ற ஊரில் பிறந்து, மத்திய இந்தியாவில் பல ஆண்டுகள் மிஷனரியாக இருந்தவர். இனம், மொழி, வர்க்கம் என்ற தடைகளைத் தாண்ட வேண்டிய கட்டாயம் இல்லாதபோதுதான் மக்கள் கிறிஸ்தவர்களாக விரும்புகிறார்கள் என்பது அவர் கண்டது. ஒரே சமூகமாகக் கூட்டம் கூட்டமாக விசுவாசத்துக்கு வந்த கிராமங்களைப் பார்த்து அவர் சொன்னது அது. அந்தச் சூழலில் அது உண்மை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் நிலைமை வேறு. 35 பேரை 9 நாட்டவராகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு நான்கு பேர்கூட வராது. பெரிய குழு ஒன்று பிழைக்கும். அநேகமாக அது உங்கள் சொந்த மொழிக்காரர்களின் குழுவாக இருக்கும். மற்றவர்கள் சிதறுவார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ பத்து ஆண்டுகளில் அந்த நாட்டு மொழியில்தான் யோசிப்பார்கள், பெற்றோரின் மொழிச் சபையில் உட்கார மாட்டார்கள். இந்தக் கடைசி விஷயத்தை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லா ஊரிலும் அப்படித்தான் நடக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அதற்காகப் பல நாட்டவர் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்துவிட்டால் போதும் என்றும் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மைக்கேல் எமர்சன் போன்றவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள்: எந்த ஓர் இனமும் 80 சதவீதத்துக்கு மேல் இல்லாத சபைதான் பல்லினச் சபை. எண்ணுவதற்கு நல்ல அளவுகோல். ஆனால் நாற்காலியில் ஒன்பது நாட்டவரும் மேடையில் ஒரே நாட்டவரும் இருக்கும் சபைகூட இதில் தேறிவிடும். வருடத்தில் ஒரு ஞாயிறு எல்லாரையும் தத்தம் நாட்டு உடையில் வரச்சொல்லிப் படம் எடுப்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. படம் நன்றாகத்தான் இருக்கும்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைத் திரும்ப வாசியுங்கள். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட உணவுப் பங்கீட்டில் விடுபட்டார்கள், முறுமுறுப்பு எழுந்தது. சபையைப் பிரித்துவிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யூதருக்கும் கிரேக்கப் பெயர் இருந்த காலம்தான், ஆகவே இதை வைத்து முற்றிலும் சாதிக்க முடியாது. ஆனாலும் முறையிட்டவர்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்தார்கள் என்று படிப்பதுதான் எனக்கு இயல்பாகப் படுகிறது. 13-ஆம் அதிகாரத்தில் அந்தியோகியாவின் தலைவர்கள் பட்டியல் இருக்கிறது: தீவுக்காரரான பர்னபா, நீகர் என்னப்பட்ட சிமியோன், சிரேனே ஊரானான லூகி, அரச குடும்பத்தோடு வளர்ந்த மனாயீன், தர்சு பட்டணத்துச் சவுல். அந்தச் சபை பல நாட்டவரின் சபையாக இருந்ததற்கு ஆதாரம் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இங்கேதான் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பாப்டிஸ்டுகளாகிய நாம் சபைக் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து முடிவெடுக்கிறோம் என்பதில் பெருமைப்படுகிறோம். என் சபையில் ஆராதனை நேரத்தைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றலாம் என்று நானே முன்மொழிந்தேன். "யாருக்காவது மறுப்பு உண்டா?" என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லை. கை தூக்கச் சொன்னேன். எல்லாக் கையும் எழுந்தது. இரண்டு மாதத்தில் மூன்று குடும்பங்கள் வரவில்லை. ஒரு வருடம் கழித்து அவர்களில் ஒருவரைப் பார்த்துக் கேட்டபோது, "போதகர் எல்லார் முன்னாலும் நின்று கேட்கும்போது எப்படி மறுப்பது? மரியாதைக்குக் கை தூக்கினோம்" என்றார். அவருக்கு மாலையில் வேலை. அதை என்னிடம் தனியாகச் சொல்லக்கூட அவருக்கு வழி வைத்திருக்கவில்லை நான். ஒருவர் ஊரில் மௌனம் சம்மதம். இன்னொருவர் ஊரில் அது மறுப்பின் மிக மரியாதையான வடிவம். ஓட்டெடுப்பை வைத்து மட்டும் சபை ஆட்சி நடத்துகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

அதன்பின் முறையை மாற்றினோம். பேசவேண்டிய விஷயம் ஒரு வாரம் முன்பே எழுத்தில் போகும். முதலில் சிறு குழுக்களில், அவரவர் மொழியில் பேசிவிட்டு வருவார்கள். குழுவின் சார்பில் ஒருவர் பேசுவார். "எங்கள் குழுவில் சிலர் இப்படி நினைக்கிறார்கள்" என்று சொல்வது, "நான் மறுக்கிறேன்" என்பதைவிடப் பலருக்கு எளிது. ஓட்டு மறைவாக நடக்கும். கூட்டத்துக்கு நான் தலைமை தாங்க மாட்டேன். என் சம்பளம் பற்றிய பேச்சு வந்தால் வெளியே போய்விடுவேன். இரண்டாவது வருடம் என் முன்மொழிவு ஒன்று தோற்றது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் அந்த வருடத்தில்தான் ஆட்கள் தங்க ஆரம்பித்தார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று என்னால் நிரூபிக்க முடியாது. உண்டு என்றுதான் நம்புகிறேன். உங்கள் சபையில் கடைசியாக உங்கள் யோசனை ஒன்று எப்போது தோற்றது?

ஆகவே என் ஆலோசனை: ஞாயிறு கூடுகையைப் பிரிக்காதீர்கள், வாரநாள் குழுக்களை மொழிவாரியாக வையுங்கள். ஜெபமும் அழுகையும் தாய்மொழியில்தான் வரும். அதற்கு இடம் வேண்டும். ஒவ்வொரு குழுவையும் அந்த மொழிக்காரர் ஒருவரே நடத்தட்டும், கூடவே ஒருவரைப் பழக்கட்டும், ஏனென்றால் அவரும் போய்விடுவார். சபைப் பொறுப்புகளைக் கவனிக்கும் உதவிக்காரர்களில் பெரும்பான்மை உங்கள் நாட்டவராக இருக்கவே கூடாது. பிரசங்கத்தின் சாரத்தைச் சனிக்கிழமையே எழுத்தில் அனுப்பிவிடுங்கள். இரண்டாம் மொழியில் கேட்கிறவருக்கு அது பேருதவி. வாக்கியத்துக்கு வாக்கியம் நிறுத்தி மொழிபெயர்த்தால் நேரம் இரட்டிப்பாகும் என்பதை மறக்காதீர்கள். நான் 45 நிமிடம் பிரசங்கித்ததை 25-ஆகக் குறைத்தேன். யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை, அது கொஞ்சம் வலித்தது. நீங்கள் அந்த நாட்டு மொழியையும் படித்தாக வேண்டும். ஆங்கிலத்தில் சபை நடக்கிறதே என்று விட்டுவிட்டால் அக்கம்பக்கத்தாருக்கு நீங்கள் என்றும் அந்நியர்தான். எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு ஓர் அளவு: ஆங்கிலம் பேசுகிறவர் வேலைக்குத் தேவையான அளவு ஸ்பானிஷ் கற்க ஏறக்குறைய 600 முதல் 700 வகுப்பு மணி நேரம், ஜப்பானியமோ அரபியோ கற்க 2200 மணி நேரம் என்று அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் கணக்கிடுகிறது. உங்கள் தாய்மொழியைப் பொறுத்து இது மாறும்.

ஞானஸ்நானம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேள்வி வரும். குழந்தையாய் இருக்கும்போது ஞானஸ்நானம் பெற்று, இருபது ஆண்டுகள் உண்மையான விசுவாசியாய் வாழ்ந்த ஒருவர் உறுப்பினராக விரும்புவார். விசுவாசித்தபின் தண்ணீரில் முழுகிப் பெறுவதே ஞானஸ்நானம் என்பது நம் கொள்கை; அதன்படி மறுபடி முழுக வேண்டும் என்றால் தன் தாய்ச் சபையை அவமதிப்பதாக நினைப்பார். பாப்டிஸ்டுகளுக்குள்ளேயே இதற்கு ஒரே பதில் இருந்ததில்லை. பெட்ஃபோர்டில் ஜான் பனியனின் சபை தண்ணீர் ஞானஸ்நானத்தில் உள்ள கருத்து வேற்றுமையை ஐக்கியத்துக்குத் தடையாக வைக்கவில்லை. அதே காலத்துப் பல பாப்டிஸ்டுகள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை ஒரு குறிப்பிட்ட ஆள் வந்து நிற்பதற்கு முன்பே சபையாகப் பேசி எழுதி வைத்துவிடுங்கள். ஆளைப் பார்த்த பிறகு எழுதுகிற விதி நியாயமாக இருக்காது.

விசா, பதிவு, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு அந்த நாட்டு வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும். பொதுவாக ஒன்று மட்டும்: உங்கள் விசா அனுமதிக்காத வேலையைச் செய்யாதீர்கள். கேரி முதல் ஆண்டுகளில் அவுரித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்துதான் வங்காளத்தில் காலூன்றினார். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கெடுபிடியால் டேனியர்களின் செராம்பூருக்கு இடம் மாற வேண்டியிருந்தது. அகதி அந்தஸ்து கேட்கிறவர்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தால் எல்லாருக்கும் உள்ள அதே ஆயத்த வகுப்பு, அதே கால அளவு. அகதி மனுவுக்குக் கடிதம் கேட்டால் நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: எப்போது முதல் வருகிறார், என்ன செய்கிறார். இதயத்தைப் பற்றிச் சான்றிதழ் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. காணிக்கையை ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவர் சேர்ந்து எண்ணட்டும். வாடகையில் சிறு பங்காவது சபை கொடுக்கட்டும். எல்லாச் செலவும் உங்கள் ஆதரவாளர்களின் பணத்தில் நடந்தால் சபையார் விருந்தாளிகளாகவே இருந்துவிடுவார்கள்.

இப்போது உங்கள் மனைவி. வில்லியம் கேரியின் மனைவி டோரதிக்குப் பயணத்தில் விருப்பமே இல்லை. தங்கை கிட்டி கூட வருகிறேன் என்ற பிறகுதான் கைக்குழந்தையோடு கப்பல் ஏறினார். இந்தியாவில் கிட்டி ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு பிரிந்துபோனார். 1794-இல் டோரதியின் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அதன்பின் அவர் மனம் கலங்கிப்போனது. 1807-இல் சாகும்வரை தேறவில்லை. கேரியைப் பற்றிய மேடைப் பேச்சுகளில் இது ஒரு வரியில் கடந்துபோகும். உங்கள் மனைவிக்கு அப்படி ஆகும் என்று சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. ஆனால் போதகரின் மனைவி சபைக்குள் ஒருவரிடம் மனம் திறந்தால் மற்றவர் வருந்துவார்கள். கணவரைப் பற்றிக் குறை சொல்லவே முடியாது. அதனால் அவருக்குச் சபைக்கு வெளியே ஒரு வட்டம் தேவை: மொழி வகுப்பு, வேலை, வேறு சபை ஊழியரின் மனைவி, தொலைபேசியில் தவறாமல் பேசும் பழைய தோழி, எதுவானாலும். ஊழியக் காலம் முடிவதற்கு முன்பே ஒரு முறை ஊருக்குப் போய் வர வேண்டும் என்று அவர் கேட்டால், சபையின் நிலைமையைக் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். தூக்கம், சாப்பாடு குறைந்து, எதிலும் நாட்டமில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் மருத்துவரிடம் போங்கள்; ஜெபம் அதற்குப் பதிலல்ல, அதோடு சேர்ந்தது. இந்தப் பத்தியை அவரிடம் காட்டி, நான் எழுதியது சரியா என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் என் யூகத்தைவிடப் பெரிது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: உங்களை அனுப்பிய சபைகளுக்கு என்ன எழுதுவது என்ற தயக்கம். எண்ணிக்கை ஏறாவிட்டால் ஆதரவு நின்றுவிடுமோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அனுப்புகிறவர்களுக்கும் போகிறவர்களுக்கும் இடையிலான உரசல் புதிதல்ல: கேரியும் அவரோடிருந்த செராம்பூர் ஊழியர்களுமே தங்களை அனுப்பிய சங்கத்தோடு சொத்து, அதிகாரம் பற்றிய தகராறில் 1827-இல் பிரிந்து, 1837-இல்தான் மறுபடி இணைந்தார்கள், கேரி அதற்குள் இறந்துவிட்டார். கடிதத்தில் பெருக்கி எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். அடுத்த வருடம் அந்தப் பொய்யை இன்னும் பெருக்க வேண்டியிருக்கும். 35 என்றே எழுதுங்கள். கூடவே, போன 17 பேருக்கும் இந்த வாரம் ஆளுக்கொரு செய்தி அனுப்பி, இப்போது எந்த ஊரில், எந்தச் சபையில், என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று கேட்டு, அவர்கள் அனுமதித்ததை மட்டும் அந்தக் கடிதத்தில் சேருங்கள். பதில் வராதவர்கள் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள்.